கூப்பாத கைகள்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில், உடன்குடிக்கு அருகேயுள்ள ஒரு சிற்றாலயத்தில், ஊதா மெழுகுவர்த்திகள் இரண்டோடு மகிழ்ச்சி ஞாயிற்றுக்குரிய ரோஜா நிற மெழுகுவர்த்தியும் எரிய, ஒரு மூதாட்டி தம் இரு கைகளையும் மடிமீது மல்லாத்தி வைத்து அமர்ந்திருந்த காட்சி இன்னும் என் சித்தத்தை விட்டு அகல மறுக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிய அந்தப் பெருமழை அப்போது வெளியே பெய்துகொண்டிருந்தது. குளம் உடைந்துவிடலாகாது என்று எல்லோரும் கைகூப்பி மன்றாடுகையில் அவர் கைகள் மட்டும் கூப்பப்படவில்லை.

“ஆச்சி, வீட்டுக்குள்ள தண்ணி வந்துராதா?” என்றேன்.

“வந்தா வரட்டும்யா. மழ வெறிச்சதும் போய்ப் பாப்போம்” என்றார். விரல்கூட அசையவில்லை.

அத்தகைய கைகளை நான் பால்யத்தில் கண்டிருக்கிறேன். கோடையில், பனங்காட்டு விடிலியில், கருப்பட்டி காய்ச்சும் அக்குடிசையில், பதனீர் கொதித்துப் பாகாகும் வரை எங்கள் ஆச்சியின் கையிலிருந்த துடுப்பு ஒரு கணமும் நிற்காது, நின்றால் அடிபிடித்துவிடும். பதம் கண்டு சிரட்டைகளில் வார்த்த பின்னரோ, ஆவிபட்டுச் சிவந்த, பெருவிரலடியில் காய்ப்பேறிய அக்கைகள் மடியில் மல்லாந்து கிடக்கும். பாகைத் தொட்டுப் பார்க்கத் துடிக்கும் என்னிடம், “தொடாதல, அது தானா இறுகும்” என்பார். செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவர் எஞ்சியதை விட்டுவிடுவதே பிரார்த்தனையின் விசிராந்தி என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன். ஆனால் திருவருகைக் காலம் வருவதோ, பனை ஏறவியலாத, விடிலி அடுப்பு அவிந்துபோன அடைமழைக் காலத்தில். அப்போது கைகள் சும்மா இருப்பது ஓய்வினாலன்று, வேலை இன்மையால்.

இங்கே, எப்போதோ வாசித்த ஒரு கடிதம் குறுக்கிடுகிறது. 1542இல் இம்முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1544இல் கொச்சியிலிருந்து எழுதுகையில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தம் கைகள் சோர்ந்துபோவதைச் சொல்கிறார். அவர் தங்கிச் செபித்ததாக வழங்கும் குகை, உடன்குடியிலிருந்து சிறிது தொலைவே உள்ள மணப்பாட்டில் கடலை நோக்கி இருக்கிறது. அவருடைய வலக்கையின் ஒரு பகுதி 1614இல் உடலினின்று பிரிக்கப்பட்டு, இன்றும் ரோமாபுரியில் பேணப்படுகிறது. மரித்த பின்னும் இளைப்பாறாத அக்கையை எண்ணும்போதெல்லாம், அக்குகையில் அது எவ்வாறு இருந்திருக்கும், கூப்பியா, மல்லாந்தா என்று மனம் கேட்கிறது.

அந்த டிசம்பர் மழையைத் தொடர்ந்த வெள்ளத்தில் கடலோர மீனவர்கள் தம் படகுகளை ஊர்களுக்குள் கொண்டுசென்று மக்களை மீட்டார்கள். அவர்கள் கைகள் கூப்பியிருக்கவுமில்லை, மல்லாந்து கிடக்கவுமில்லை. கயிற்றையும் பிறர் கரங்களையும் பற்றியிருந்தன. அது பிரார்த்தனை அன்று என்று சொல்ல எனக்கு நா எழாது. அவ்வாறாயின் மூதாட்டியிடம் நான் கண்டது சமாதானந்தானா, அன்றி ஆயுள் முழுதும் உழைத்தவரின் ஆயாசமா? ஆயாசமும் ஆண்டவர் பாதத்தில் வைக்கப்படும்போது சமாதானமாகிவிடக்கூடும் என்று நம்ப விழைகிறேன். எனினும் எவ்வேளையில் துடுப்பைப் பற்ற வேண்டும், எவ்வேளையில் விட வேண்டும் என்று பகுத்தறியும் விவேகம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை; அது இம்மையில் எவருக்கேனும் முழுமையாக வாய்க்குமா என்பதிலும் எனக்கு நிச்சயமில்லை.