நிர்வாக சபைக்கு ஆள் தேடும் முறை



நந்திமலைப் பகுதியில் தோன்றி, பழைய மைசூர் ராஜ்யத்தின் கோலார்ச் சீமை வழியே தமிழகத்திற்கு இறங்கி வருவது பாலாறு. ஆண்டின் பெரும்பகுதியில் அதில் மணலே தெரியும். ஆயினும் அக்கரைவாழ் மக்கள் நீரில்லையென்று குடத்தைக் கவிழ்த்து வைத்தாரில்லை. மணலைத் தோண்டி ஊற்றுநீர் முகந்தனர். "நம் சங்க நிர்வாகத்திற்கு இளைஞர் எவரும் முன்வருவதில்லை" என்று பெரியோர் முறையிடுங்கால், தோண்டிப் பார்த்தீர்களா என்றே கேட்கத் தோன்றுகிறது.

யான் அறிந்த ஒரு சங்கத்தில் தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் மூவரும் இருபதாண்டுகளாக மாறவில்லை. பொக்கிஷதார் நோயுற்றபோது ரசீதுப் புத்தகம் எங்கே, பாங்கில் கையொப்பம் எவருடையது என்று கூற ஒருவருமில்லை. வைசாக பூர்ணிமை அன்னதானம் அவ்வாண்டு நின்றுபோயிற்று. மூவரும் நல்லவர்களே; அதுதான் வருத்தம்.

அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டு, 1907-இல் பத்திரிகையும் தொடங்கினார். 1914-இல் அவர் மறைந்தபின் பத்திரிகை தளர்ந்து நின்றது. 1926-இல் அத்தமிழனை மீண்டும் எழுப்பியவர் கோலார் தங்கவயலில் இருந்த ஜி. அப்பாதுரையார். வடஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குச் சென்றோர் பலர் வாழ்ந்த ஊர் அது. பேத்தமங்கலத்தில் தேக்கிய பாலாற்று நீரே அன்று அவ்வூருக்குக் குடிநீராயிருந்தது. சென்னையில் நின்ற பணிக்குச் சுரங்க ஊரில் ஆள் கிடைத்தது.

ஆளை ஏற்கும் முறையை விநயபிடகம் கூறுகிறது. இராஜகிருகத்து வேணுவனத்தில் தப்ப மல்லபுத்திரர் என்னும் இளம் பிக்கு, வருவோர்க்கு உறைவிடமும் உணவும் பகிர்ந்தளிக்கும் பணியைத் தாம் மேற்கொள்ள விரும்பினார். பகவன் மகிழ்ந்தார். எனினும் உடனே நியமித்துவிடவில்லை. முதலில் அவரையே முறைப்படி வேண்டிக் கேட்கச் செய்தார். பின்னர் சங்கத்தின் முன் தீர்மானம் வைக்கப்பட்டது. மறுப்போர் பேசலாம், உடன்படுவோர் மௌனமாயிருக்கலாம். விருப்பமிருந்த ஒருவரிடத்தும் இவ்வளவு முறை! நாமோ கூட்டத்திற்கு வராதவர் பெயரையும் பட்டியலில் எழுதிவிட்டு, பிறகு கடிதம் அனுப்புகிறோம்.

இத்தகைய பணியாளர்க்கு விநயம் வேண்டும் தகுதிகளோ ஐந்து. விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் இந்நான்கின் வயப்பட்டு நெறி தவறாமை. கொடுக்கப்பட்டது எது, கொடுக்கப்படாதது எது என்று அறிந்திருத்தல். செல்வம் அங்கே கூறப்படவில்லை, பட்டமும் கூறப்படவில்லை. நன்கொடை தருவாரென்று ஒருவரைச் சபையில் அமர்த்துவோர் இதைச் சற்றே எண்ணுக.

மல்லபுத்திரர் செம்மையாகவே பணிபுரிந்தார். ஆயினும் மேத்தியர், பூமஜகர் என்னும் இருவரின் கூட்டத்தார்க்கு ஒருநாள் நொய்யரிசிச் சோறும் புளிங்கஞ்சியும் கிடைத்தன. இவரே அவ்வாறு செய்வித்தாரென்று சினந்து, அவர்மீது பொய்ப்பழி சுமத்தினர். பகவன் அவரை ஒதுக்கவுமில்லை, பழியை மூடவுமில்லை. சங்கத்தின் நடுவே விசாரித்தார். உண்மை வெளிப்பட்டது. புதிதாய் வந்த இளைஞன்மீது முதல் புகார் எழும்போது நம் சபையில் நிகழ்வது வேறு. கணக்குக் கேட்டான் என்பதற்காகவே ஒருவன் வெளியேற்றப்பட்டதை யான் கண்டிருக்கிறேன். அதன்பின் அவ்வூரில் எவன் வருவான்?

மற்றொன்று. 2001-இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவ்வூர் மக்களில் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். இத்தகைய ஊர்களில் வேலைநாள் மாலை நான்கு மணிக்கு நிர்வாகக் கூட்டம் கூட்டினால் ஓய்வுபெற்றோரே வருவர். ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். வருகின்ற மகாசபைக்கு மூன்று மாதம் முன்னதாகவே இருவரை அவர்தம் இல்லம் சென்று கேளுங்கள், பெண்மக்களையும் கேளுங்கள். இசைந்தவரைப் பொக்கிஷதாரின் அருகே அமர்த்தி, ரசீதுப் புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள்.