கள்ளத் தராசின் லாபம்

வஞ்சகத்தால் கிடைத்த உணவு முதலில் இனிக்கும் என்பதை நீதிமொழிகள் நூல் மறைப்பதில்லை. அதன் 20ஆம் அதிகாரம் அந்த இனிப்பை ஒப்புக்கொண்ட பிறகே, வாய் பருக்கைக்கல்லால் நிறையும் என்று எச்சரிக்கிறது. ஆனால் ஏமாற்றியவர்களில் பலர் கடைசிவரை நன்றாக உண்டு, நன்றாக உறங்கிப் போகிறார்களே! யோபுவும் 73ஆம் சங்கீதமும் இதையே குமுறிக் கேட்கின்றன. அப்படியானால் அந்தக் கல் யார் வாயில் விழுகிறது?

கி.மு. எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட செழிப்பான காலத்தில், தெக்கோவா ஊர் மேய்ப்பரான ஆமோஸ் இஸ்ரவேலின் தானிய வியாபாரத்தைக் கண்டு கொதித்தார். அன்று நாணயம் இல்லை. வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார்கள். ஒரு சேக்கல் சுமார் 11 கிராம். யூதாவில் அகழ்ந்தெடுத்த சேக்கல் எடைகள் வழவழப்பான சிறு சுண்ணாம்புக் கற்கள்; விரல்களுக்குள் மறைத்துவிடலாம். வெள்ளி வாங்கும்போது தட்டில் கனத்த கல், கோதுமை அளக்கும்போது கையில் சிறிய மரக்கால். போதாததற்குக் கூளத்தையும் விலைக்கு விற்றார்கள். விற்றவர்கள் ஓய்வுநாளைத் தவறாமல் கைக்கொண்டவர்கள், அது எப்போது முடியும் என்று காத்திருந்தவர்கள். பக்தியும் திருட்டும் ஒரே கூரையின் கீழ் குடியிருந்ததுதான் இதில் மிகக் கொடுமை.

அந்தக் கூளத்தைத் தின்றவர்கள் ஏழைகள். ஒரு ஜோடி செருப்பின் விலைக்கு அடிமைப்பட்டவர்களும் அவர்களே. யோசுவா நூலிலும் இதே கதைதான்: எரிகோவில் எடுக்கக்கூடாதென்று விலக்கியிருந்த வெள்ளியை எடுத்து, ஆகான் என்ற இஸ்ரவேலன் தன் கூடாரத்து மண்ணில் புதைத்தான். அந்தக் குற்றத்தால் இஸ்ரவேலர் தோற்ற ஆயி ஊர்ச் சண்டையில் செத்ததோ, அதைப் பற்றி ஒன்றுமறியாத 36 பேர். ஆகானும் பிறகு தப்பவில்லை, உண்மைதான். ஆனால் அவனுக்கு முன்பே மற்றவர்கள் விலை கொடுத்துவிட்டார்கள். ஆகவே ‘உனக்கே கேடு வரும்’ என்ற அச்சத்தை மட்டும் நேர்மைக்குக் காரணமாகச் சொல்வது போதாது. கேடே வராவிட்டாலும் அடுத்தவர் கலத்தில் குறைந்த கோதுமை குறைந்ததுதான்.

லேவியராகமம் அதனால்தான் மனம் வருந்துவதோடு ஆளை விடுவதில்லை. முதலைத் திருப்பிக் கொடு, ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடு, பலியோடு பிறகு வா என்பது அதன் கணக்கு. வரி வசூலித்த சகேயுவோ நாலு மடங்கு தருவதாகச் சொன்னார். ஏமாந்தவர் இறந்துவிட்டால், வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லையென்றால்? அப்போதும் அந்தப் பணம் எடுத்தவன் கையில் தங்கக்கூடாது, ஆசாரியனிடம் போகவேண்டும் என்கிறது எண்ணாகமம்.