நேர்த்திக்கடன் பேரமா?

நம்மூரில் பிரம்மாவுக்குக் கோயில் அரிது. பாங்காக்கில், பெரிய வணிக வளாகங்கள் சூழ்ந்த ராட்சபிரசோங் சந்திப்பில், 1956-இல் நிறுவிய எரவான் சந்நிதியில் அவருக்குக் கூட்டம் ஓய்வதே இல்லை. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது என்பேன். படம் எடுக்க மட்டுமல்ல, சற்று நேரம் நின்று பார்க்க.

வேண்டியது நடந்துவிட்டால் பணம் கட்டி நடனம் ஆடச் செய்கிறார்கள். நான் பார்த்தபோது அலுவலக உடையில் ஒரு பெண் மண்டியிட்டுக் கைகூப்பியிருந்தாள். பின்னால் பொற்கிரீடம் அணிந்த நடனப் பெண்கள் மெல்லச் சுழன்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை, ஆட்டம் அவளுக்கானதல்ல.

இது கடவுளோடு பேரம் என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கேட்டது கிடைத்த பிறகு வராமல் இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? பயத்தால் வருகிறார்கள் என்றால், கொஞ்சம் உண்மைதான். ஆனால் 2015 ஆகஸ்டில் இங்கே குண்டு வெடித்து 20 பேர் இறந்தார்கள். இரண்டே நாளில் சந்நிதியைத் திறந்தபோது மக்கள் பூவோடு வந்தார்கள். பேரம் பேசுகிறவன் அன்றைக்கே கணக்கை முடித்திருப்பான்.

அதே ஊரில் வாட் போ என்ற புத்தர் கோயிலுக்கும் போங்கள். 46 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்திருக்கும் புத்தரின் முதுகுப்புறம் 108 வெண்கலக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் காசு போட்டபடி நடக்கிறார்கள். நிர்வாணம் அடைந்தவர் எதைத் திருப்பித் தருவார்? போடுகிறவர்களுக்கும் அது தெரியும்.