அட்சதை போட்டவர்களின் கடன்

ஆரணியில் எங்கள் வீட்டுத் தறியிலிருந்து இறங்கும் சேலை பெரும்பாலும் ஏதோ ஒரு கல்யாணத்துக்குத்தான் போகும். என் மனைவி தார் சுற்றித் தருவாள், நான் நெய்வேன். கட்டிக்கொள்ளப் போகும் பெண் யார், மண்டபம் எந்த ஊரில் என்பது எங்களுக்குத் தெரியாது. மடித்துக் கொடுத்ததோடு எங்கள் பங்கு முடிந்தது என்றுதான் வெகுகாலம் இருந்தோம். போன தை மாதம் மலேசியாவில் உள்ள கிள்ளானுக்கும், அங்கிருந்தே நினைத்துக்கொண்டாற்போல யாழ்ப்பாணத்துக்கும் கல்யாணம் பார்க்கப் போய் வந்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. அக்கினி சாட்சி, ஆண்டவன் சாட்சி என்கிறோம். தெய்வமே பார்த்துக்கொண்டிருக்கும்போது மனிதர்கள் எதற்காக வந்து நிற்க வேண்டும்?

கிள்ளானில் நடந்தது என் தங்கை மகளின் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் பல மாதம் முன்பே தேசியப் பதிவிலாகாவில் பதிந்துவிட்டார்கள். மலேசியாவில் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, அவர்கள் அன்றைக்கே கணவன் மனைவி. பதியாமல் கோயிலில் தாலி மட்டும் கட்டினால் சட்டம் அதைக் கல்யாணமாக எடுத்துக்கொள்ளாது. ஆனாலும் தாலி ஏறும்வரை பெண் தாய் வீட்டில்தான் இருந்தாள். காரணம் கேட்டேன். "பேப்பர்ல ஆயிடுச்சு அண்ணே. நாலு பேர் பார்க்க வேணாமா?" என்றாள் தங்கை.

அன்று மாலையே யாழ்ப்பாணத்திலிருந்து போன் வந்தது. ஆரணிக்கு வந்து எங்களிடம் கூறைச் சேலை எடுத்துப் போன குடும்பம். "நீங்கள் நெய்த கூறை. கட்டுற அண்டைக்கு நீங்களும் நிக்கோணும், வாங்கோ அண்ணை" என்றார் பெண்ணின் தகப்பனார். நான் செலவை யோசித்தேன். "மனசாரக் கூப்பிடுறாங்க, போயிட்டு வந்துடலாங்க" என்றாள் மனைவி. கொழும்புக்கு விமானம் ஏறி, அங்கிருந்து ரயிலில் போய்ச் சேர்ந்தோம்.

யாழ்ப்பாணத்தில் கூறையையும் தாலியையும் ஒரே தட்டில் வைத்துச் சபை முழுக்கக் கொண்டுபோகிறார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டு ஆசி சொல்கிறார்கள். அப்புறம்தான் பெண் அந்தக் கூறையை வாங்கிப்போய் உடுத்தி வந்து உட்கார்கிறாள், தாலி ஏறுகிறது. அறுகரிசி போட்டு வாழ்த்துகிறார்கள். ஊடை ஊடையாக நான் அடித்த அரக்குச் சேலையை அத்தனை பேரும் தொட்டதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. தொட்டவர் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றுக்கு ஒப்புக்கொள்கிறார். எதற்கு என்பதை அதற்குப் பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

நம் சட்டமும் இதே இடத்தில் நின்று யோசித்திருக்கிறது. 1967இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குக் கொண்டுவந்த சட்டம் புரோகிதரைக் கேட்கவில்லை, அக்கினியைக் கேட்கவில்லை. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஏற்றுக்கொள்வதைச் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றலாம், தாலி கட்டலாம். அந்த 'முன்னிலை' ஊரறிய இருக்க வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது சரியான தீர்ப்பு. சாதி மீறிக் காதலித்த பிள்ளைகளுக்குச் சொந்தக்காரர்களின் கூட்டமே உயிராபத்தாக நிற்கும் நாடு இது. அவர்களைப் பார்த்து ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய் என்று எந்த நீதியும் சொல்ல முடியாது.

அப்படியானால் யாரும் வராத கல்யாணத்துக்கு யார் சாட்சி? இதற்கு எங்கள் சைவம் தரும் விடை திருப்புறம்பியத்தில் இருக்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் சுவாமிக்குப் பெயரே சாட்சிநாதர். தாய் தகப்பனை இழந்த ஒரு வணிகப் பெண், மதுரையிலிருந்து வந்த முறைமாப்பிள்ளையோடு அவன் ஊருக்குப் போகிறாள். வழியில் திருப்புறம்பியத்தில் அவனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. சம்பந்தர் அவனை எழுப்பிக் கொடுத்து, இங்கேயே இவளை மணந்துகொள் என்கிறார். உறவு என்று சொல்ல ஒருவரும் இல்லை. அங்கிருந்த வன்னி மரமும் கிணறும் லிங்கமும்தான் சாட்சி. மதுரையில் அவனுடைய மூத்த மனைவி ஒருநாள், உன் கல்யாணத்தைக் கண்டவர் யார் என்று இவளை ஏசுகிறாள். இவள் சொக்கநாதர் கோயிலில் நின்று அழுதபோது மூன்றும் மதுரைக்கே வந்து நின்றன. திருவிளையாடல் புராணத்தின் 64 படலங்களில் இதுதான் கடைசி.

மரமும் கிணறும் வழிநடந்த அற்புதத்தைவிட, அவை எப்போது வந்தன என்பதுதான் எனக்குப் பெரிது. தாலி கட்டிய அன்று அவற்றுக்கு வேலையே இல்லை. இருந்த இடத்தில் இருந்தன. அந்தப் பெண்ணின் சொல்லை யாரும் நம்பாத நாளில்தான் வந்தன. வந்தபோதும் எதையும் கேட்கவில்லை. சாட்சிக்கு உரிமை கிடையாது, கடமை மட்டும் உண்டு. சொந்தம் என்ற பெயரில் பிள்ளைகளின் வாழ்க்கைக்குச் சொந்தம் கொண்டாடி வெட்டப் போகிறவன் எந்தக் கல்யாணத்துக்கும் சாட்சியாக முடியாது.

இதை நான் யோசித்துச் சொல்கிறேன். என் மனைவி முன்பே செய்திருக்கிறாள். சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி புகுந்த வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். அவள் மேல் அந்த வீட்டார் சொன்ன பழி எங்கள் தெருவரைக்கும் வந்தது. அவள் கல்யாணத்தில் மண்டபம் நிறையச் சாப்பிட்டவர்கள் நமக்கேன் வம்பு என்று இருந்தார்கள். என் மனைவி இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப்போய், அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். "நான் அட்சதை போட்டவ. கேட்கத்தான் வந்திருக்கேன், சொல்லுங்க" என்றாளாம். அந்தப் பெண் மறுபடி அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் போட்டுக்கொண்டு போன நகை திரும்பி வந்தது. அவள் பேரில் பேசிய பேச்சு அன்றோடு நின்றது.

தெய்வம் பார்க்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பழி சொல்லும் வீட்டுக்குப் பஸ் ஏறிப்போக அதற்கு நம் கால்கள்தான் இருக்கின்றன. மனிதர்கள் வந்து நிற்பது அதற்காகத்தான். இரண்டு ஊரிலும் புறப்படும் முன் என் மனைவி பெண்ணிடம் எங்கள் போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். மொய் எழுதுகிற ஒவ்வொருவரும் இதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தால் நம் ஊர்ப் பெண்களில் எத்தனையோ பேர் தனியாக அழ வேண்டியிருக்காது.