வந்த துன்பமும் ஏற்ற தபசும்



விபூதிப் புதனன்று குருவானவர் எமது நெற்றியிலே சாம்பல் இடுகிறார். சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று நாம் கையில் ஏந்திய ஓலைகளே அந்தச் சாம்பலாகின்றன. 1996 ஆம் ஆண்டு பெப்ரவரி 21 ஆம் திகதி விபூதிப் புதன் வந்தபோது, யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றின் குருத்தோலைகள் பூட்டிய வீடுகளுக்குள்ளே கிடந்தன. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றிருந்தனர். பலர் வன்னிக்கும் போயினர். பாடசாலைகளிலும் கொட்டில்களிலும் அவ்வாண்டுத் தவக்காலம் கழிந்தது.

"நாள்தோறும் பட்டினி, இதற்குமேல் ஒருசந்தி எதற்கு?" என்று அன்று ஒரு தாய் கேட்டிருந்தால், அது நியாயமான கேள்வியே. திருச்சபையும் இதை அறியும். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் தபசைக் குறித்து 1966 இல் வெளியிட்ட சாசனத்திலே, வசதியுள்ள நாட்டவர் தங்களை ஒறுக்க வேண்டும் என்றும், வறுமையில் வாடுவோர் நீதிக்காக உழைத்தபடியே தங்கள் துன்பத்தைக் கிறிஸ்துவின் சிலுவையோடு சேர்த்துச் செபத்தில் ஒப்புக்கொடுக்கலாம் என்றும் படிப்பித்தார்.

ஒப்புக்கொடுப்பது என்றால் என்ன? கல்வாரியைப் பாருங்கள். ஆண்டவரின் இரு பக்கத்திலும் இரண்டு கள்வர் தொங்கினர். இருவருக்கும் ஒரே தண்டனை, ஒரே வேதனை. ஒருவன் நிந்தித்தான், மற்றவன் தன் குற்றத்தை உணர்ந்து மன்றாடினான். ஆகவே துன்பம் தானாகவே ஒருவனைப் புனிதனாக்குவதில்லை. வந்த துன்பத்தில் அன்பு கலந்தால்தான் அது தபசாகும்.

சரேப்தா ஊர் விதவையிடம் மிஞ்சியிருந்தது ஒரு பிடி மாவும் சிறிது எண்ணெயுமே. அவளும் பஞ்சத்தால் பட்டினி கிடந்தவள்தான். ஆயினும் எலியாஸ் தீர்க்கதரிசிக்கு அதிலே பங்கு கொடுத்தாள். அகதி வாழ்வில், அடுத்த கொட்டிலிற் குழந்தை அழுததைக் கேட்டுத் தன் கஞ்சியிற் பாதியைக் கொடுத்தவர்களும் அவளைப் போன்றவர்களே. அவர்களுடைய பட்டினியே ஒருசந்தி.

செபமும் அப்படியே. விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் செபமாலையைப் பிடித்தோம். "ஆண்டவரே, எங்கள்மேல் குண்டு விழாமற் காத்தருளும்" என்றோம். அது பாவமன்று. கெத்சமனியில் ஆண்டவரும் துன்பக் கிண்ணம் அகலும்படி மன்றாடினார். ஆனால் எங்கள்மேல் விழாத குண்டு எங்கே விழுந்தது? இன்னொரு வீட்டின்மேல் அல்லவா? ஆண்டவரின் செபம் கெத்சமனியோடு நிற்கவில்லை. சிலுவையிலே தம்மை அறைந்தவர்களுக்காகவும் அவர் பிதாவை மன்றாடினார். அச்சத்திலே பிறந்த எமது செபம் அவ்வளவு தூரம் நடந்ததா?

2009 மே மாதத்தோடு துவக்குகள் ஓய்ந்தன. எமது உள்ளத்திலே ஓய்ந்தனவா? மன்னிப்பு என்பது நடந்ததை மறப்பதன்று; நீதி கேட்பதைக் கைவிடுவதுமன்று. காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாயை "மறந்துவிடு" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. சண்டை சச்சரவோடு செய்யும் உபவாசத்தைக் கண்டித்த இசாயாஸ் தீர்க்கதரிசியே, அநீதியின் நுகத்தை முறிப்பதும் பசித்தவனோடு உணவைப் பகிர்வதும் மெய்யான உபவாசம் என்றார். மன்னிப்பவன் நீதியை விடுவதில்லை; பகையை விடுகிறான்.

இத்தவக்காலத்திலே மூன்று காரியங்களைச் செய்வோம். வெள்ளிக்கிழமைகளில் ஒரு நேர உணவின் செலவை எடுத்துவைத்து, போரிலே உழைப்பாளியை இழந்த ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். பிள்ளைகளையும் கூட்டிச் செல்வோம். இரவுச் செபத்திலே, எம்மால் மன்னிக்க முடியாத ஒருவருக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுவோம். மனம் இசையாவிட்டாலும் வாயினாற் தொடங்குவோம். பாவசங்கீர்த்தனத்திலே, பல ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருக்கும் வைராக்கியத்தையும் சொல்லுவோம்.

மகனின் சிலுவையடியிலே எவரையும் சபியாமல் நின்ற வியாகுல மாதா எமக்காக மன்றாடுவாராக.