பானையில் இருந்த ஒரு பிடி மா



உலையில் அரிசியை இடுமுன் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி, ஓலைப்பெட்டியில் புறம்பாக வைக்கும் வழக்கம் நமது பாட்டிமாரிடம் இருந்தது. பிடியரிசி என்பது அதன் பெயர். அது கோவிலுக்கும் ஏழைகளுக்கும் உரியது. அந்தப் பிடி எப்பொழுது எடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் உண்டு முடித்த பின்னர் அல்ல, சமைப்பதற்கு முன்னரே எடுக்கப்பட்டது. மிஞ்சியதைக் கொடுப்பது வேறு. முதலில் கொடுப்பது வேறு.

அரசர் முதல் நூலின் 17 ஆம் அதிகாரத்தில் ஓர் ஏழைக் கைம்பெண்ணைக் காண்கிறோம். நாடெங்கும் வறட்சி. சாரிபாத்து ஊர் வாயிலில் அவள் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இருந்ததெல்லாம் பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயுமே. அதைச் சுட்டு மகனுடன் உண்டபின் சாவதைத் தவிர வேறு வழியில்லை என்றிருந்தாள். அவளிடம்தான் இறைவாக்கினர் எலியா, முதலில் தமக்கு ஒரு சிறிய அப்பம் செய்து தரும்படி கேட்கிறார். அவள் கொடுத்தாள். மழை பெய்யும் நாள்வரை பானையில் மா தீரவில்லை. கலயத்தில் எண்ணெய் குறையவில்லை.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பானை நிரம்பி வழிந்தது என்று வேதாகமம் கூறவில்லை. தீர்ந்துபோகவில்லை என்றே கூறுகிறது. பாலைவனத்தில் மன்னாவும் அவ்வாறே. நாளைக்கென்று சேர்த்து வைத்தவர்களுடைய மன்னாவில் புழு பிடித்தது. ஆண்டவர் கற்பித்த செபத்திலும் அன்றாட உணவைத்தானே கேட்கிறோம்! ஆகவே, நூறு ரூபா கொடுத்தால் கடவுள் ஆயிரமாகத் திருப்பித் தருவார் என்று எவராவது கூறினால் நம்பாதீர்கள். அது தருமம் அல்ல, வட்டிக்கு விடுதல்.

"சுவாமி, எங்களுக்கே போதாதே!" என்று ஒரு தாய் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்வி. 2022 ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் வரிசையில் நின்றதை மறந்துவிடவில்லை. நகையை அடகு வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் வீடுகளையும் அறிவோம். குழந்தையின் பாலை நிறுத்திக் காணிக்கை போடும்படி இறைவன் கேட்பதில்லை. இரண்டு காசு போட்ட கைம்பெண்ணைப் புகழ்ந்த அதே யேசு, அதற்குச் சற்று முன்னர்தான் கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரைக் கண்டித்தார். இல்லாதவர் பெற்றுக்கொள்வதிலும் வெட்கமில்லை. இறைவாக்கினரான எலியாவே கைநீட்டி வாங்கினார் அல்லவா?

தேவபராமரிப்பு பெரும்பாலும் ஒரு மனிதக் கை வழியாகவே நம்மிடம் வருகிறது. புனித யோசவ் வாஸ் அடிகளார் 1687 இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில், வெறுங்கையுடன் இந்நாட்டுக்கு வந்தார். கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலம் அது. குருவுக்கு இடங்கொடுப்பவருக்குத் தண்டனை காத்திருந்தது. எனினும் யாழ்ப்பாணத்து விசுவாசிகள் அவரை ஏற்று, மறைத்து, உணவளித்தனர். கண்டியில் 1697 இல் பெரியம்மை பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டபோது, அவர்களைத் தேடிச்சென்று பராமரித்தார் அவர். பெற்ற கை கொடுக்கும் கையாயிற்று. 2015 சனவரி 14 ஆம் நாள் காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது, பெயர் தெரியாத அந்த ஏழைக் குடும்பங்களின் ஈகையும் அதில் அடங்கியிருந்தது எனலாம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்து தென்மராட்சிக்கு நடந்தார்களே! அன்று முன்பின் அறியாதவர்களுக்குத் திண்ணையையும் கிணற்றையும் அடுப்பையும் பகிர்ந்தவர்கள் செல்வந்தர்கள் மட்டுமா? ஒரு பானைக் கஞ்சி பலருக்குப் பகிரப்பட்டதை நம்மிற் பலர் கண்ணாரக் கண்டோம்.

இன்று என்ன செய்கிறோம்? படலைக்கு வந்தவரிடம் "கடவுள் பார்த்துக்கொள்ளுவார்" என்று கூறி அனுப்பிவிடுகிறோம். பசித்தவனிடம் சுகமாய்ப் போய்வா என்று மட்டும் சொல்வதால் என்ன பயன் என்று புனித யாகப்பர் கேட்கிறார். கடவுள் பார்த்துவிட்டார், ஆகையாற்றான் அவரை உங்கள் படலைக்கு அனுப்பினார். எங்கள் தேவைக்குத் தேவபராமரிப்பை நம்புவோம். அயலவருடைய தேவையில் நாமே தேவபராமரிப்பின் கையாவோம்.

இந்த வாரம் உங்கள் குசினியில் ஒரு வெறும் பெட்டியை வையுங்கள். சமைக்குமுன் ஒரு பிடி அதில் விழட்டும். அதைப் பிள்ளையின் கையாலேயே போடச் செய்யுங்கள். வார இறுதியில், உங்கள் ஒழுங்கையில் அடுப்பு எரியாத வீடு எதுவென்று பாருங்கள். ஆரவாரமின்றி அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். சாரிபாத்துக் கைம்பெண்ணின் பானையைக் காத்த இறைவன் உங்கள் பானையையும் காப்பாராக!