வண்டியை விட்டுப் போகாதே!

நிலைத்திருப்பதைக் குறித்து இந்த மாதம் உங்களோடு பேசும்படி ஆவியானவர் என்னை ஏவுகிறார். அதற்காக ஒரு மண்ரோட்டை உங்களுக்குக் காட்டுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டிலே பேர்ட்ஸ்வில் டிராக் என்று ஒரு ரோடு. மாரி என்ற சின்ன ஊரிலிருந்து வடக்கே பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டர். தார் கிடையாது, மணலும் கல்லும்தான். நடுவழியில் பெட்ரோல் கிடைப்பது முங்கரானியில் மட்டும். மழை பெய்தால் ரோட்டையே மூடிவிடுவார்கள். பெரும்பாலான தூரத்துக்கு செல்போன் எடுக்காது.

ஊழியத்துக்குப் போனபோது ஒரு சகோதரன் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் என்னை அந்த வழியே அழைத்துப் போனார். ஸ்டெப்னி இரண்டு வைத்தார். ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் தண்ணீர் ஏற்றினார். எந்த வழி போகிறோம், எப்போது சேருவோம் என்று வீட்டில் எழுதிக் கொடுத்தார். மண்ரோடு தொடங்கினதும் நாலு டயரிலும் காற்றைக் குறைத்தார்.

"என்ன பிரதர், இருக்கிற காத்தையும் இறக்குறீங்க?" என்றேன்.

"டயர் விறைப்பா இருந்தா கூரான கல்லு கிழிச்சிடும் பாஸ்டர். கொஞ்சம் தளர்ந்திருந்தா கல்லு மேலே அமுங்கிப் போயிடும்" என்றார்.

கவனித்தீர்களா? பெருமையால் விறைத்த இருதயம்தான் ஒரு சின்னச் சொல்லுக்கும் கிழிந்துபோகிறது!

அவர் சொன்ன பெரிய விதி இதுதான்: "வண்டி நின்னுபோச்சுன்னா, வண்டியை விட்டுப் போகவே கூடாது." ஏன்? அந்த வனாந்தரத்தில் வண்டிதான் நிழல். தேடி வருகிற விமானத்துக்கு நடந்து போகிற மனுஷன் தெரியமாட்டான்; நிற்கிற வண்டி தெரியும். 1963 டிசம்பரில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் இந்தப் பாதையில் வழி தப்பி, பெட்ரோல் தீர்ந்து, வண்டியை விட்டு நடந்தது. ஐந்து பேரும் தாகத்தால் மாண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நாம் யார்? வெயிலில் சும்மா காத்திருப்பதைவிட நடப்பது சுலபம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அருமையான சகோதரனே, சகோதரியே, உன் ஜெபத்துக்குப் பதில் தாமதிக்கிறதா? வேலை போய்விட்டதா? "இனி ஆராதனைக்கு வந்து என்ன பிரயோஜனம், இறங்கிப் போயிடலாம்" என்று நினைக்கிறாயா? போகாதே! ஐக்கியத்தை விட்டுத் தனியே நடக்காதே!

அந்த தேசத்திலே போதகர் ஜான் ஃப்ளின்னின் பாரத்தினால் 1928ல் பறக்கும் டாக்டர் சேவை தொடங்கியது. மறு வருஷம் அந்த வனாந்தரத்து வீடுகளுக்கு மிதிக்கிற ரேடியோ வந்தது. காலால் பெடலை மிதித்தால்தான் மின்சாரம். அப்புறம்தான் கூப்பிட முடியும். கூப்பிட்டால் உதவி மேலேயிருந்து இறங்கி வரும்! அல்லேலூயா!

ஜெபமும் அப்படித்தான். கால் வலித்தாலும் மிதிப்பதை நிறுத்தாதே. நின்ற இடத்திலேயே நிலைத்திரு, கூப்பிட்டுக்கொண்டே இரு. உன்னைத் தேடி வருகிறவர் உன்னைக் காணாமல் போகமாட்டார்.

இதை வாசிக்கிற வீட்டில் யாராவது சபைக்கு வருவதை விட்டிருந்தால், இன்று ராத்திரியே அவர்கள் பெயரைச் சொல்லி முழங்கால்படியிடுங்கள். நானும் உங்களோடு ஜெபிக்கிறேன். கர்த்தர் உங்களைக் காப்பாராக. ஆமென்.